பின்னிருக்கைக் கூக்குரல்

நாவற்குடாச் சீதேவிப்பிள்ளையிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் ஒரு கணம் முழிப்பாள். பிறகு கன்ரீனில் சமையல் என்பாள். அது பொய்யில்லை. விமானத் தளத்துக்குப் பக்கத்தில் சின்ன விமானம் ஓட்டப் பழக்குகிற பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் காலையில் பிட்டும் சொதியும், பகலில் சோறும் அவள் கைச் சமையல்தான். ஆனால் பகலுக்கு உலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய், பலகையால் செய்த ஒரு பெட்டிக்குள் ஏறி, பின்னிருக்கையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கூரை அதிரக் கத்திவிட்டு வந்து மறுபடி மிளகாய் வறுக்கிறாளே, அந்த வேலைக்கு என்ன பெயர்? அவளுக்கும் தெரியாது. சம்பளம் போடுகிறவர்களுக்கும் தெரியாது போல, அதையும் சமையலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

எல்லாம் கப்டன் இஷாம் கொண்டுவந்த கூத்து. கொழும்பு மனுசன். வளைகுடா விமானங்களில் அரை ஆயுளை ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மட்டக்களப்புக்குப் படிப்பிக்க வந்தவர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இயந்திரம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் புத்தகத்தில் படித்துவிடலாம். நெஞ்சு அடிக்க, கை வியர்க்க, பிடரிக்குப் பின்னால் ஒருவர் ஓலமிட அதைச் செய்வதுதான் பாடு என்பார். அதற்காகத்தான் அந்தப் பலகைப் பெட்டி. உள்ளே விமானத்தில் இருப்பது போலவே பிடிகளும் அளவு காட்டுகிற முள்ளுகளும், முன்னால் மூன்று பெரிய திரை. திரையில் வாவி தெரியும், கல்லடிப் பாலம் தெரியும், வானம் தெரியும். கப்டன் வெளியே இருந்து ஒரு பொத்தானை அமத்தினால் இயந்திரம் நின்றுபோகும். ஓட்டுகிற பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய மணிக்கூடு நாடித்துடிப்பை எண்ணி, அது எல்லை மீறினால் கீச்சிடும்.

"எல்லாம் இருக்கு அம்மா. பயந்து கத்துற ஆள்தான் இல்ல," என்றார் கப்டன் ஒருநாள், பிட்டைப் பிசைந்தபடி. "உங்கட குரல் நல்ல பெரிசு. நீங்க கத்துங்களேன்."

சீதேவிப்பிள்ளை சொதிச் சட்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்லிக் கத்துற சேர்?"

"ஐயோ, சாகப் போறோம், விழப் போறோம், அப்படி ஏதாவது."

நல்ல கதை! ஐயோ என்ற சொல்லைச் சும்மா வாய்க்கு வாய் சொல்கிற பழக்கம் அவள் வீட்டில் இல்லை. அவள் கடைசியாக அதைக் கத்தியது புருசன் பாக்கியராசா முற்றத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்த அன்று. அன்றைக்கு ஒழுங்கைச் சனமே ஓடிவந்தது. எதிர்வீட்டுக்காரன் பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து தூக்கினான். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வந்தாள், அது அடிப்பிடித்துக் கரியாகிப் போனது. அவர்கள் ஓடிவந்தபடியால்தான் அந்த மனுசன் இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு கிடந்தார். அப்படிப்பட்ட சொல்லை, ஒன்றும் நடக்காத இடத்தில், ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? சொன்னால் வந்து நிற்காதா?

அதனால் முதல் நாள், திரையில் விமானம் மூக்குக் குத்தியதும், அவள் நாக்கைப் புரட்டிக் குரவை போட்டாள். அம்மன் கோயிலில் கும்பம் எழும்பும்போது பெண்டுகள் போடுகிற அதே குரவை. நல்ல காரியத்துக்குப் போடுகிறது, யாருக்கும் கெடுதல் வராது என்று அவளுடைய கணக்கு.

கப்டனுக்கு அது குரவை என்று எங்கே தெரியப் போகிறது? "அடேயப்பா! பிரமாதம்!" என்று கைதட்டினார். கண்டியிலிருந்து வந்த ஒரு பொடியன் மணிக்கூடு கீச்சிட்டதும் பயத்தில் இரண்டு பிடியையும் சேர்த்து இழுத்துவிட்டான். கொழும்புப் பெட்டை ஒருத்திக்கு வாயே திறபடவில்லை. கப்டன் அவர்களைத் திட்டவில்லை. "முதல் வாற திடுக்கிடல் உங்கட பிழை இல்ல. உடம்பு முந்தும், மூளை பிந்தும். மூச்ச வெளிய விடுங்க. செய்யிறத வாய்விட்டுச் சொல்லுங்க. மூக்கு, இடம், றேடியோ," என்பார். அதாவது முதலில் விமானத்தின் மூக்கை நேராக்கு, பிறகு இறங்க இடம் பார், அதற்குப் பிறகுதான் றேடியோவில் பேசு.

ஒரே ஒருத்திக்குத்தான் மணிக்கூடு கீச்சிடவே இல்லை. செங்கலடி வதனி. தாய் தெய்வமணி சந்தையில் மரக்கறி விற்கிறவள். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவின் புண்ணியத்தில் பெட்டை பறக்க வந்திருந்தாள். சீதேவிப்பிள்ளை பின்னால் இருந்து குரவை போட, அவள் ஆடாமல் அசையாமல் விமானத்தைக் கொண்டுபோய் அறுவடை முடிந்த வயல் வட்டையில் இறக்கிவிட்டு, தண்ணீர் குடிப்பாள். கப்டனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "இரும்பு நெஞ்சு!" என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். வகுப்பில் முதலாவதாக ஆட்களை ஏற்றிப் பறக்கப் போகிறவள் வதனிதான் என்றும், முதல் பயணத்தில் அவளுடைய அம்மாவே வரலாம் என்றும் முடிவாயிற்று. அதற்கு முன்னால் பெட்டிக்குள் ஒரு கடைசிச் சோதனை மட்டும்தான் மிச்சம்.

சீதேவிப்பிள்ளைக்கும் சந்தோசப் புளுகம்தான், ஒரு நாள் கன்ரீனில் எண்ணெய் தெறிக்கும் வரைக்கும். வாய்ப்பன் சுட்டுக்கொண்டிருந்தவளின் காலில் கொதி எண்ணெய் பட்டு, "ஐயோ!" என்று தன்னை அறியாமல் கத்திவிட்டாள். கத்தி முடியவில்லை, வதனி சாப்பாட்டுக் கோப்பையை எறிந்துவிட்டு மேசையைத் தாண்டிக் குதித்து வந்து நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. கை நடுங்கியது. தண்ணீர் எடுக்கப் போனவள் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கினாள். பெட்டியிலிருந்து கழற்றாமல் வந்த மணிக்கூடு மணிக்கட்டில் கீச்சுக் கீச்சென்று அலறியது.

"புள்ள, அது சுடுதண்ணி! வை கீழ!" என்று காலில் சுட்டவளே கத்த வேண்டி வந்தது.

பிறகு மருந்து பூசும்போது கேட்டாள். "ஏன்கா, பெட்டிக்குள்ள நான் அந்தப் பாடு கத்துறன், உனக்கு ஒண்டும் செய்யல்ல. இதுக்கு ஏன் இப்பிடி நடுங்கிறாய்?"

வதனி சிரித்தாள். "அது குரவைதானே மாமி. நீங்க போடக்குள்ள எங்கட கோயில்ல கும்பம் வாற மாதிரி இரிக்கும். பயம் எங்க வாற? நல்லா இரிக்கி எனக்கு."

சீதேவிப்பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்படியென்றால் இந்தப் பெட்டையை இதுவரைக்கும் யாரும் சோதிக்கவே இல்லை! இரும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊர்ப் பிள்ளை, ஐயோ என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை. மேலே போய் இயந்திரம் நின்று, பின்னால் இருந்து பெற்ற தாய் ஐயோ என்றால்? கையில் இருப்பதைப் போடுவாள். கையில் இருப்பது விமானம்.

அன்று முழுக்கச் சோற்றில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கப்டனிடம் போய்ச் சொல்லத்தான் நினைத்தாள். போனாள். சொல்லவும் செய்தாள்.

"சேர், நான் போடுறது அழுகை இல்ல. குரவை."

"அப்படியென்றா?"

"அது சந்தோசத்துக்குப் போடுற. வதனிக்கு அது தெரியும். அதுதான் அவளுக்குப் பயம் வருகிதில்ல."

கப்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அம்மா, எனக்கு ரெண்டும் சத்தம்தான். சத்தம் பெரிசா இருந்தாச் சரி. அந்தப் புள்ளைட நாடியப் பாருங்க, எவ்வளவு அமைதி. நம்பர் பொய் சொல்லாது." வாய்ப்பன் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

விமானம் தெரிந்த மனுசன் சொல்கிறார். அவளுக்குத் தெரிந்ததோ பிட்டும் சொதியும். அவர் சொல்வதுதான் சரியாக இருக்குமோ? அல்லது அவருக்கு விளங்கவில்லையோ? கடைசிச் சோதனையில் மெய்யாக ஐயோ என்று கத்திவிட்டால், பெட்டை குழம்பிப் போவாள், பறப்பு நின்றுபோகும், அந்தக் குடும்பமே தன்னைச் சபிக்கும். கத்தாமல் விட்டால், எல்லாரும் சிரித்துக்கொண்டு மேலே போவார்கள். பிறகு? வெள்ளிக்கிழமை அமிர்தகழிக்குப் போய் மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் பூப் பார்த்தாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இலையில் பொதிந்து போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். சிவப்பு வந்தது. கும்பிட்டாள். கும்பிட்டு முடிந்த பிறகுதான் யோசித்தாள்: சிவப்பு எதற்கு என்று நினைத்தோம்? கத்துவதற்கா, கத்தாமல் இருப்பதற்கா? எவ்வளவு மண்டையைப் போட்டு உடைத்தும் ஞாபகம் வரவில்லை. சுவாமியிடம் மறுபடி கேட்கவும் வெட்கமாக இருந்தது.

சோதனை நாள் பெட்டிக்குள் ஏறும்வரைக்கும் அவளுக்கு ஒரு முடிவும் இல்லை. வதனி முன்னால் இருந்து, "மாமி, இண்டைக்கு நல்ல நீளக் குரவையாப் போடுங்க," என்று பகிடி விட்டாள். கப்டன் பொத்தானை அமத்தினார். இயந்திரச் சத்தம் நின்றது. திரையில் வாவி நிமிர்ந்து வந்தது. சீதேவிப்பிள்ளை நாக்கைப் புரட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்தப் பெட்டையின் பிடரியில் ஒட்டியிருந்த சின்ன மயிரைக் கண்டதும் என்னவோ செய்தது.

"ஐயோ! ஐயோ என்ட புள்ளே! ஐயோ!"

வதனி இரண்டு பிடியையும் விட்டாள். பெல்ட்டைக் கழற்றினாள். முழு உடம்போடு பின்னுக்குத் திரும்பி அவள் கையைப் பிடித்தாள். "மாமி! என்ன மாமி? எங்க நோகுது?"

அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று திரையும் தண்ணீராகி, பிறகு சிவப்பாகி நின்றன.

சீதேவிப்பிள்ளை, பாவம், "ஒண்டுமில்ல புள்ள, நீ ஓட்டு, ஓட்டு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வதனி திரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "பொய்யாவா அழுதிங்க?"

"உனக்காகத்தான்..."

"என்னக் கெடுத்துப் போட்டிங்களே மாமி!" என்று கத்திவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து கன்ரீன் பக்கமே வரவில்லை. பணிசும் வாழைப்பழமும் வாங்கி வந்து மரத்தடியில் இருந்து சாப்பிட்டாள். எதிர்ப்பட்டால் முகத்தை வெட்டிக்கொண்டு போனாள்.

கப்டன் சிவந்த திரைகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில், "நீங்க சொன்னது இப்பத்தான் எனக்கு விளங்குது அம்மா," என்றார். பறப்பைத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு நாளும் வதனியைப் பெட்டிக்குள் ஏற்றினார். ஒவ்வொரு நாளும் சீதேவிப்பிள்ளை ஐயோ என்று அழ வேண்டும், வதனி திரும்பக் கூடாது. "காது கேக்கட்டும். கை கேக்கக் கூடாது. பதில் சொல்லுங்க, ஆனா கண்ண எடுக்காதீங்க," என்று அவளுக்குப் படிப்பித்தார்.

அந்த அழுகைக்கு முதல் கிழமை ஊரே ஓடிவந்தது. வாசலில் நின்ற ஓட்டோக்காரர், காவல்காரர், வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் சேற்றுக் காலோடு. ஒவ்வொருவரையும் நிறுத்தி இது பழக்கம், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த கிழமை யாரும் வரவில்லை. சீதேவிப்பிள்ளை கத்தினால் ஓடத் தேவையில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது சரியான துக்கமாக இருந்தது. தான்தானே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள், பிறகு ஏன் நெஞ்சு கனக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

வதனி முதலில் தோளைத் திருப்பினாள், பிறகு தலையை மட்டும், பிறகு கண்ணை மட்டும். ஒருநாள் ஒன்றையுமே திருப்பவில்லை. மூச்சை வெளியே விட்டு, "மூக்கு. இடம், வட்டை. கேக்குது மாமி, பெல்ட்ட இறுக்குங்க. றேடியோ," என்று சொல்லி இறக்கினாள். இத்தனை நாளில் அவள் சீதேவிப்பிள்ளையோடு பேசிய பேச்சு அந்தக் "கேக்குது மாமி" மட்டும்தான்.

"பாஸ்!" என்றார் கப்டன்.

"சேர், பெட்டிக்குள்ள பொய்யெண்டு அவளுக்குத் தெரியும்தானே. மேல மெய்யா வந்தா?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

கப்டன் தாடியைச் சொறிந்தார். "அது மேல போனாத்தான் தெரியும்," என்றார். நல்ல ஆறுதல்!

பறப்பு நாளன்று தெய்வமணி புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்தாள். விமானத்தைக் கிட்டக் கண்டதும் காலை ஊன்றிக்கொண்டாள். "இது என்ன, ஓட்டோவை விடச் சின்னனா இரிக்கி? அந்த அக்காவும் வந்தாத்தான் நான் ஏறுவன்." அவள் காட்டியது சீதேவிப்பிள்ளையை. வதனி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். கப்டன் தலையாட்டினார். அரிசி களைந்த கையோடு சீதேவிப்பிள்ளை ஏறினாள். முன்னால் வதனியும் கப்டனும், பின்னால் இரண்டு பெண்டுகளும்.

மேலே எழும்பியதும் சீதேவிப்பிள்ளை கண்ணை இறுக்கி மூடினாள். தெய்வமணி இடித்து இடித்துக் காட்டினாள். "அக்கோவ், பாருங்ககா, பாலம்! அந்தா மாமாங்கக் கோயில்!" வந்தாறுமூலைக் கம்பஸ் கட்டடங்கள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. செங்கலடிச் சந்தி வந்தபோது தெய்வமணி தன் கடைக் கூரையைத் தேடினாள்.

திரும்பி வாவிக்கு மேலே வரும்போது இயந்திரம் இருமியது. ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு சத்தம் இறங்கி, விமானத்தின் உடம்பு முழுக்க உதறியது.

இது கப்டனின் வேலை என்றுதான் சீதேவிப்பிள்ளை முதலில் நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். கப்டனின் இரண்டு கையும் அவர் முழங்காலில் கிடந்தன. விரல்கள் வெளுத்திருந்தன.

வதனி மூச்சை வெளியே விட்டது பின்னால் வரைக்கும் கேட்டது. "மூக்கு. வேகம் சரி. இடம், இடப்பக்கம், வட்டை. சூடு." ஒரு பிடியை இழுத்தாள். இயந்திரம் இன்னும் மோசமாக இருமித் திணறியது. வாவி கீழேயிருந்து எழும்பி வந்தது. இந்த முறை அது திரை இல்லை. தண்ணீரில் தோணி ஒன்று தெரிந்தது, அதில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஆள்கூடத் தெரிந்தார்.

"ஐயோ!" சீதேவிப்பிள்ளை யோசித்துக் கத்தவில்லை. பாக்கியராசா விழுந்த அன்றைக்கு வந்த அதே இடத்திலிருந்து வந்தது. "ஐயோ புள்ளே, சாகப் போறமே! ஐயோ, என்னப் பாரு புள்ளே!"

அந்தப் பிடரி அசையவில்லை. "கேக்குது மாமி. பெல்ட்ட இறுக்குங்க."

"வதனீ!"

"கேக்குது மாமி."

அவ்வளவுதான். பக்கத்தில் தெய்வமணி அவள் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் மறுபடி இருமியது, விக்கியது, பிறகு ஒரே சத்தமாகப் பிடித்துக்கொண்டது. வதனி றேடியோவில் ஏதோ சொன்னாள். குரல் நேராக இருந்தது. தளம் வந்தது, சக்கரம் தட்டியது, நின்றது.

கப்டன் இறங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார். வாவியின் ஈரக் காற்றில் இயந்திரத்தின் காபரேட்டருக்குள் பனி பிடித்ததாம். சூட்டுப் பிடியை இழுத்தால் பனி கரையும்போது கொஞ்சம் திணறிவிட்டுத்தான் சரிவருமாம். பெட்டை அச்சொட்டாகச் செய்தாளாம். இந்த மட்டக்களப்பு வெயிலில் பனியா? சீதேவிப்பிள்ளைக்கு ஒன்றுமே ஏறவில்லை. தெய்வமணி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகள் சும்மா குலுக்கிக் காட்டினாள் என்று நினைத்து, அவளை ஏசிக்கொண்டே கப்டனோடு நடந்தாள்.

வதனி விமானத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். சீதேவிப்பிள்ளை இன்னும் இறங்கவில்லை. கண்ணீர் நிற்கவில்லை. எதற்கு அழுகிறோம் என்றும் தெரியவில்லை. உயிர் தப்பியதற்கா, இந்தப் பெட்டை பாஸ் பண்ணியதற்கா, வேறு எதற்கா?

"இண்டைக்குப் பழக்கத்துக்குக் கத்தல்ல புள்ள," என்றாள். "மெய்யாத்தான் கத்தினன்."

வதனி விமானத்தின் படியில் குந்தி, அந்தக் கிழட்டுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும் மாமி. எனக்குத் தெரிஞ்ச. தெரிஞ்சுதான் பின்னுக்குக் கிறுகிப் பாக்கல்ல."

நீ செய்ததுதான் சரி, உன்னால்தான் உன் அம்மா அங்கே நடந்து போகிறாள், நானும் இருக்கிறேன் என்று சொல்லத்தான் சீதேவிப்பிள்ளை வாயைத் திறந்தாள். அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வந்தது வேறு.

"ஒருக்கா," என்றாள், தேம்பிக்கொண்டு. "ஒரே ஒருக்காக் கிறுகிப் பாத்திருக்கலாமே, புள்ள."